தேவாங்கின் தேயாத கீபோர்டு

ஒரு காட்டில், சிங்கம் கர்ஜித்தால் போதும் என்றிருந்த காலம் போய், எதுவானாலும் டைப் அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற காலம் வந்திருந்தது. இதற்குக் காரணம் முயல்கள்தான். எந்த உத்தரவு போட்டாலும், "ராஜா கர்ஜித்தது எங்களைப் பார்த்து இல்லை, பக்கத்துப் புதரைப் பார்த்து" என்று வழக்குப் பேச ஆரம்பித்தன. சிங்கத்துக்குத் தொண்டை கட்டிப்போனது. "எழுத்துல குடுத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் காட்டு அலுவலகம். யார் எந்தக் கரையில் தண்ணீர் குடிப்பது, யார் எந்தப் பொந்தில் குடியிருப்பது, எல்லாம் அங்கேதான் உத்தரவாகும்.

காட்டில் கரண்ட் ஏது, கம்ப்யூட்டர் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சிங்கம் பேசியபோது வாயை மூடிக்கொண்டுதானே இருந்தீர்கள்?

அலுவலகத்தில் இரண்டு தட்டச்சர்கள். ஒருவர் மாசிலாமணி என்ற தேவாங்கு. இன்னொருவர் சிங்காரவேலு என்ற காட்டுப்பன்றி. இரண்டு பேருமே தற்காலிகம். அவர்களுக்கு மேலே கண்காணிப்பாளர் காந்திமதி அம்மாள் என்ற கடமான். அந்த அம்மாளுக்கு மேலே கூரை மட்டும்தான்.

தேவாங்கு எவ்வளவு மெதுவான பிராணி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாசிலாமணி மவுஸைப் பிடிக்கக் கையைக் கிளப்பினால், கை போய்ச் சேர்வதற்குள் டீ வந்துவிடும். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால் எதற்குக் கையைக் கிளப்பினோம் என்பது மறந்துபோயிருக்கும். இப்படியே போனால் பிழைப்பு நாறிவிடும் என்று புரிந்துகொண்ட மாசிலாமணி, கையை நகர்த்தாமல் என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு சி தட்டினால் நகல். வி தட்டினால் அந்த நகல் வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். எஃப் தட்டினால் தேடித் தரும். எச் தட்டினால் தேடியதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும். இசட் தட்டினால் செய்த காரியம் செய்யாததாகிவிடும். இந்த இசட் மட்டும் வெளியிலும் வேலை செய்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இன்னொரு வித்தையும் அவர் கண்டுபிடித்தார். தப்பாக அடித்தால் தானே திருத்திக்கொள்ள கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறதே, அதைக் குறுக்கு வழியாக்கினார். 'மவ' என்று அடித்து ஓர் இடைவெளி விட்டால் போதும். 'மேன்மை தங்கிய வனராஜா அவர்களின் மேலான ஆணைப்படி இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்' என்று கம்ப்யூட்டரே விரித்து எழுதிக்கொள்ளும். மீதி உத்தரவும் இப்படித்தான். இரண்டு எழுத்துக்கு ஒரு பத்தி.

பிழை திருத்தியோடுதான் ஆரம்பத்தில் பெரும்பாடு. அந்தக் கம்ப்யூட்டர் எங்கிருந்தோ வந்தது. அதற்கு இந்தக் காட்டில் ஒருவரையும் தெரியாது. யார் பெயரை அடித்தாலும் அடியில் சிவப்புக் கோடு போட்டது. காந்திமதி அம்மாள் முதல் நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதுல வெத்தலை போட்டுத் துப்பினது?" என்று கத்தினார். மாசிலாமணி ஒவ்வொருவராக, உடும்பு, மரநாய், அலங்கு என்று எல்லாரையும் அதன் அகராதியில் சேர்த்துவிட்டார். ராஜாவின் உரைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'கர்ர்ர்' என்பதை எத்தனை விதமாகச் சேர்ப்பது? அதற்கென்று, மொத்தப் பக்கத்தையும் பிடித்து 'இதில் பிழை பார்க்காதே' என்று ஒரு டிக் போடும் வழியைத் தெரிந்து வைத்திருந்தார். டிக் போட்டால் சிவப்பெல்லாம் மறைந்துவிடும். உரை அப்படியேதான் இருக்கும்.

ஆக, தேவாங்கு மாசிலாமணி ஒரு நாள் வேலையைக் காலை டீக்கு முன்னால் முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், கெட்டிக்காரர்.

சிங்காரவேலு நல்ல மனசுக்காரர். அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. அது ஒரு குறையா? இல்லை. அவருடைய குறை முதுகு அரிப்பு. காட்டுப்பன்றி என்றால் மரத்தில் போய் உராய்ந்துகொள்ளும். ஆனால் அலுவலகத்தைச் சுற்றியிருந்த மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, 'அரசு மரம், உராயாதீர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். எனவே சிங்காரவேலு மதிய வேளையில் கீபோர்டைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் முதுகைக் கொடுத்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொள்வார். அவருக்கு வரும் உத்தரவுகளை மாசிலாமணியின் மேஜையில் வைத்து, "அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்து விட்ருங்கண்ணே" என்பார். மாசிலாமணியும் அடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

இப்படி இருக்கும்போது, ஒரு தட்டச்சரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிரந்தரத் தட்டச்சருக்கு ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்து குவார்ட்டர்ஸாகக் கிடைக்கும்.

அந்தப் பொந்துக்காக மாசிலாமணி உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சொர்ணவல்லிக்கு நிறைமாதம். குடியிருந்தது ஒரு மூங்கில் கொப்பில். போன மழைக்காலத்தில் பிறந்த பிள்ளை, காற்றில் கொப்பு வளைந்தபோது கை நழுவி விழுந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் இரண்டு பேரும் பேசுவதில்லை. மேகம் கறுக்கும்போது மட்டும் சொர்ணவல்லி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஏங்க, அந்தப் பொந்து என்னாச்சு?" என்று கேட்பார்.

"நமக்குத்தான் வரும். ரெண்டு பேர் வேலையையும் நான்தானே பாக்கறேன்," என்பார் மாசிலாமணி.

உலகம் தெரியாத பேச்சு. ஆனால் வீட்டில் வேறென்ன சொல்வது?

யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்ய ஆய்வு அலுவலர் வந்தார். பரசுராமன் என்று பெயர். மரங்கொத்தி. டைப்ரைட்டர் காலத்து ஆள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். அவர் வாலிபத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கமாகப் போனால் ஆலங்கட்டி மழை பெய்வது மாதிரி சத்தம் கேட்குமாம். வேலை என்றால் அடிக்கிற சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. மரங்கொத்தி வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்?

நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. தூணில் நெட்டுக்குத்தலாகத் தொற்றிக்கொண்டு ஆய்வை ஆரம்பித்தார்.

"சார், எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. எத்தனை பக்கம், எந்த மேஜையில அடிச்சதுன்னு இங்கேயே பாத்துக்கலாம்," என்றார் மாசிலாமணி.

"திரையில இருக்கறதை யாரு வேணா எழுதலாம்யா. பொய் சொல்லாத சாமான் ஒண்ணே ஒண்ணுதான். கீபோர்டு. ரெண்டையும் கொண்டாங்க."

காந்திமதி அம்மாள் இரண்டு கீபோர்டையும் கொண்டுவந்து தூணடியில் வைத்தார்.

சிங்காரவேலுவின் கீபோர்டில் எழுத்து என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனை பட்டனும் வழுவழுவென்று ஆகியிருந்தது. ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. இடுக்கில் எல்லாம் முரட்டு மயிர்.

பரசுராமன் ஒரு மயிரை அலகால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "முடி கொட்டற அளவுக்கு வேலை பாத்திருக்கான்யா மனுஷன்."

மனுஷன் இல்லை, பன்றி என்று திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்து மாசிலாமணியின் கீபோர்டு. அது நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. அங்கங்கே ஐந்தாறு பட்டன் மட்டும் தேய்ந்து போயிருந்தது.

"சி போயிருக்கு. வி போயிருக்கு. எஃப்பு, எச்சு. இந்த மூலையில இருக்கறது என்னய்யா?"

"கண்ட்ரோல் சார்."

"அது எழுத்தா?"

"எழுத்து இல்ல சார்."

"எழுத்தே இல்லாத ஒண்ணை எதுக்குய்யா இந்தத் தேய் தேய்ச்சிருக்கே? சரி, இந்த இசட்டு?"

"அதை அமுக்கினா செஞ்சதை இல்லேன்னு ஆக்கிரலாம் சார்."

பரசுராமன் காந்திமதி அம்மாளைப் பார்த்தார். "எழுதிக்கோங்கம்மா. செய்த வேலையை இல்லேன்னு ஆக்கியிருக்கார்."

மாசிலாமணி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார், ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டறேன் சார்" என்று கெஞ்சி, 'மவ' என்று தட்டி இடைவெளி விட்டார். இன்னும் நாலைந்து தட்டு. பக்கம் நிறைந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் பங்கீட்டு உத்தரவு, தேதி, இடம், கையெழுத்துக்கான கோடு எல்லாம் சுத்தமாக வந்து நின்றது.

பரசுராமன் திரையை எட்டிப் பார்த்தார். "இதை யார் அடிச்சது?"

"நான்தான் சார்."

"நான் பாத்துட்டுதானே இருந்தேன்? நீ அடிக்கலையே. சத்தமே வரலையே."

"கம்ப்யூட்டர் அதுவா விரிச்சுக்கும் சார்."

"அப்போ வேலை பாத்தது கம்ப்யூட்டர். நிரந்தரமாக்கணும்னா அதைத்தான் ஆக்கணும். நீ எதுக்குய்யா?"

மாசிலாமணி குனிந்து கீபோர்டில் பதிலைத் தேடினார். உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், நானும் வேலைக்குப் போகிறவன்தான்.

"சிங்காரவேலு, நீங்க வாங்க. ஒரு பக்கம் அடிங்க," என்றார் பரசுராமன்.

சிங்காரவேலு வெலவெலத்துப் போனார். அவருக்குப் பயம் வந்தால் வேர்க்கும். வேர்த்தால் அரிக்கும். அரித்தால் அவரால் நிற்க முடியாது. எல்லார் முன்னிலையிலும் அவர் மெதுவாகத் திரும்பினார், கீபோர்டைச் சுவரில் சாய்த்தார், முதுகைக் கொடுத்தார்.

கடகடகடவென்று கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! ஜன்னலில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்தன. பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "வாலிபம் திரும்பி வந்துட்டுதும்மா" என்று காந்திமதி அம்மாளிடம் சொன்னார். அரிப்பு அடங்கியதும் சத்தம் நின்றது. பரசுராமன் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். பக்கம் முழுவதும் எழுத்து. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் சிவப்புக் கோடு.

"என்னம்மா இது, ஒரே சிவப்பா இருக்கு?"

காந்திமதி அம்மாள் மாசிலாமணியிடம் ஓடி வந்தார். ஆய்வில் குறை எழுதினால் அந்த அம்மாளின் பதவி உயர்வு அம்போ. தலையை மெல்லச் சாய்த்து, "மாசிலாமணி, ஏதாவது பண்ணுங்க. ஆபீஸ் மானம் போகுது" என்று கிசுகிசுத்தார். சிங்காரவேலுவும் திரும்பிப் பார்த்தார். 'அண்ணே' என்று கூப்பிடக்கூட இல்லை. தினமும் உத்தரவைக் கொண்டுவந்து வைக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வைதான்.

மாசிலாமணியின் கை போயிற்று. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் அவர் கை வேகமாகப் போனது அப்போதுதான். மொத்தப் பக்கத்தையும் பிடித்தார், 'இதில் பிழை பார்க்காதே' என்று ஒரு டிக் போட்டார். சிவப்பெல்லாம் மறைந்தது.

அட மடையா! பெண்டாட்டி கொப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறாள், உனக்கு ஆபீஸ் மானமா பெரிசு? எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

பரசுராமன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒரு பிழை இல்லை! இத்தனை வேகத்துல ஒரு பிழை இல்லை! என்னம்மா எழுதியிருக்கார்?"

"கொஞ்சம் உயர்ந்த நடை சார்," என்றார் காந்திமதி அம்மாள்.

சிங்காரவேலுவை வெளியே அனுப்பிவிட்டு முடிவு செய்தார்கள். சிங்காரவேலுவுக்கு நிரந்தரம். மருதமரத்துப் பொந்தும் அவருக்கே. தன் நியமன உத்தரவைத் தானே அடிப்பது முறையில்லை என்று விதி இருந்ததால், அதை மாசிலாமணியையே அடிக்கச் சொல்லிவிட்டுப் பரசுராமனும் காந்திமதி அம்மாளும் டீ குடிக்கப் போனார்கள். விதி இல்லாவிட்டாலும் வேறு யார் அடித்திருக்க முடியும்?

உத்தரவு கண் சிமிட்டும் நேரத்தில் தயாராகிவிட்டது. மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ட்ரோலையும் எச்சையும் அமுக்கினார். 'சிங்காரவேலு' வரும் இடமெல்லாம் 'மாசிலாமணி' என்று வை. காட்டுப்பன்றி வரும் இடமெல்லாம் தேவாங்கு என்று வை. வைத்தது. பொந்து அவருடையதாகிவிட்டது. இந்த அலுவலகத்தில் ஒருவரும் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. அனுப்பினால் போதும்.

அந்த நேரம் பார்த்துக் கதவோரமாகச் சிங்காரவேலு வந்து நின்றார். அவரிடம் இன்னும் யாரும் முடிவைச் சொல்லவில்லை. "அண்ணே, உங்க ஆர்டர்தானே அடிக்கிறீங்க? உங்களுக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியும்ணே. அண்ணிகிட்ட நானே போய்ச் சொல்லட்டுமா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாசிலாமணியால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. இசட்டை அமுக்கினார். இன்னொரு முறையும் அமுக்கினார். சிங்காரவேலு திரும்பவும் சிங்காரவேலு ஆனார். "உங்களுக்குத்தான் தம்பி. கையெழுத்துக்கு அனுப்பறேன்" என்று சொல்லி அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மூங்கில் கொப்பில் சொர்ணவல்லி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "மாத்தினீங்கல்ல? மாத்தினதை ஏங்க திரும்ப எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கை அதுவா போயிருச்சு."

"என்னைப் பிடிக்கத்தான் அந்தக் கை எப்பவும் லேட்டா வருது," என்று சொல்லி அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். மாசிலாமணி அவரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அது போய்ச் சேர்வதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

மறுநாள் சிங்காரவேலு வந்தார். மூக்கில் சிராய்ப்பு.

"அண்ணே, அந்தப் பொந்துல என் மூக்குகூட நுழையலண்ணே. ராத்திரி பூரா முட்டிப் பாத்தேன். நான் எப்பவும் போல சேத்துலயே படுத்துக்கறேன். நீங்களும் அண்ணியும் அங்க போயிருங்க."

மாசிலாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்றியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நட்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் காந்திமதி அம்மாள் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அப்படியெல்லாம் விட முடியாது மாசிலாமணி. நிரந்தர ஊழியரோட குவார்ட்டர்ஸ்ல வெளியாள் தங்கக்கூடாது. அவரோட சம்பாத்தியத்துல, அவரைச் சார்ந்து வாழறவங்க மட்டும்தான் தங்கலாம்."

"அப்போ எங்க அண்ணனை அப்படியே எழுதிருங்கம்மா," என்றார் சிங்காரவேலு. அவருக்கு உதவ வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

"எழுதலாம். மாசிலாமணி, நீங்களே அடிச்சுக் கொண்டாங்க."

வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி உட்கார்ந்து அடித்தார். 'தட்டச்சர் திரு. சிங்காரவேலு அவர்களின் உழைப்பை நம்பி, வேறு பிழைக்கும் வழியின்றி அவரைச் சார்ந்து வாழும் தேவாங்கு மாசிலாமணி, அவர் மனைவி, மற்றும் பிறக்கவிருக்கும் குழந்தை.' அடித்து முடித்ததும் வழக்கம்போலப் பிழை திருத்தியை ஓட்டிப் பார்த்தார். எங்கும் சிவப்பு விழவில்லை. அச்சடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினார். அன்று ராத்திரி மழை கொட்டியது. மருதமரத்துப் பொந்துக்குள் நனையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விடிந்ததும் மாசிலாமணி அலுவலகம் போய், சிங்காரவேலுவின் வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நீதி: வேலை தெரிந்தவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். அது நிரந்தரமாக வேண்டுமானால் முதுகு அரிக்க வேண்டும்.